கொல்லைக் கொட்டகைக்கு எக்கூரை நன்று?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் இடையே இருக்கிறது சந்தவாசல். மேற்கே ஜவ்வாது மலை. படைவீட்டுக்குப் பிரியும் கிளைச்சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அச்சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்பவர்கள் கழனிகளுக்கும் கொல்லைகளுக்கும் நடுவே தனித்து நிற்கும் சிறு கொட்டகைகளைக் கண்டிருப்பார்கள். ஒன்றன் மேல் கரும்புச் சோகை. அடுத்ததன் மேல் சிமெண்ட் ஷீட். அதற்கடுத்தது தளம் போட்ட மோட்டார் அறை. அப்பால் நீலநிறத் தகடு பளபளக்கும் புதியதொன்று. மண்வெட்டி, கலப்பை, விதை, உரமூட்டை, மோட்டார், மழைக்கு ஒதுங்கும் ஆள் ஆகிய அனைத்துக்கும் அதுவே இடம்.

இவற்றுள் எது நல்லது என்பது உழவர் அன்றாடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இலக்கியம் படிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, கோட்டைக்கு இடிபாடு உண்டு. புல்லும் ஓலையும் வேய்ந்த கொட்டகையோ மண்ணுக்குள் எதையும் விட்டுச் செல்வதில்லை. கால் நட்ட குழிகள் மட்டும் எஞ்சினால் அகழ்வாய்வாளர் பேறு பெற்றவர். அதன் கூரை எதனால் ஆனது என்பதற்கு ஈராயிரம் ஆண்டுத் தொலைவிலிருந்து சான்று சொல்ல நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பாட்டுகளே. கொட்டகையின் ஆவணக்காப்பகம் இலக்கியம்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கொட்டகை என்பதை வடசொல்லின் வழியே விளக்குவோர் உண்டு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கொட்டகை, கொட்டம், கொட்டில் ஆகியவற்றை ஓரினமாக வைக்கிறது. கன்னடத்தின் கொட்டிகெ, தெலுங்கின் கொட்டமு ஆகியனவும் உறவுச் சொற்களே. வட தமிழகத்தார் வாயில் இது கொட்டாய். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களில் கொட்டாய் என முடியும் சிற்றூர்ப் பெயர்கள் ஏராளம். ஊரை விட்டுத் தள்ளியிருந்த நிலத்தில் காவலுக்கும் கால்நடைக்கும் போட்ட கொட்டகை நாளடைவில் குடும்பம் தங்கும் இடமாகி, பின்னர் நாலைந்து வீடுகளாகி, வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஊராக ஏறிய கதையை அப்பெயர்களே சொல்லுகின்றன. நாடகமும் திரைப்படமும் வந்தபோது அவற்றுக்குத் தமிழர் கொடுத்த இடமும் கொட்டகைதான். கீற்று வேய்ந்த அந்த டூரிங் கொட்டகைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையை நாம் ஆற்றுப்படை நூலாகவும் தொண்டைமான் இளந்திரையனின் புகழாகவும் பயிற்றுவிக்கிறோம். அதைக் கூரைகளின் பட்டியலாகவும் வாசிக்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை நிலம் நிலமாக அழைத்துச் செல்லும்போது ஒவ்வோரிடத்தும் குடிலின் மேல் என்ன இருக்கிறது என்று சொல்லத் தவறுவதில்லை. எயினர் குடில் ஈந்தின் இலை வேய்ந்தது. அது முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றுகிறதாம். முல்லைச் சிற்றூரில் வரகின் வைக்கோல். மருதத்தில் புதுநெல் வைக்கோல். வலைஞர் குடிலில் தருப்பை. உரிப்பொருளையும் கருப்பொருளையும் வைத்தே திணையைப் பிரித்துப் பழகிய நாம், கூரையை வைத்தும் பிரிக்கலாம் என்பதைக் கவனிக்கவில்லை. புலவர் அழகுக்காகச் செய்த வேறுபாடு அன்று இது. அந்தந்த நிலத்தில் உண்டதுபோக எஞ்சியதே அந்தந்த நிலத்தின் கூரை.

நம் பகுதிக்கு இன்னும் அணுக்கமான பாட்டு மலைபடுகடாம். நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். அதன் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. கூத்தர் கூட்டம் மலைவழி நடந்து புல் வேய்ந்த குடில்கள்தோறும் விருந்து பெறுகிறது. தினைப்புனத்தில் பன்றிக்கு அஞ்சி வைத்த கற்பொறிகளைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. இதணம் என்றும் பரண் என்றும் வழங்கிய காவல்மேடைகளைக் குறிஞ்சிப் பாட்டுகளெல்லாம் பாடுகின்றன. இன்றைய கொல்லைக் கொட்டகைக்கு முன்னோர் அவையே.

இதே மலையில் கல்லாலான கட்டடமும் அக்காலத்துக்கு முன்பே உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய கற்திட்டைகளை மக்கள் வாலியர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் அழைக்கிறார்கள். வீடு என்று பெயரிருப்பினும் அவை இறந்தோருக்கானவை. கல்லை எடுக்கவும் நிறுத்தவும் தெரிந்த மக்கள் தாம் வாழ்வதற்குப் புல்லையே தேர்ந்தார்கள் என்பதை நாம் ஏழ்மை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. மாற்றத் தக்கது வாழ்வோருக்கு, மாறாதது மாண்டோருக்கு என்றொரு பகுப்பு அவர்களிடம் இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

ஏழாம் நூற்றாண்டில் அப்பகுப்பு கடவுளுக்காக வெளிப்படையாகவே பேசப்படுகிறது. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி அயன் அரன் அரி மூவருக்கும் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. கட்டடப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கும் பட்டியல் அது. ஆனால் அடுத்த தலைமுறையில் மாமல்லபுரத்துச் சிற்பி என்ன செய்தான்? பாறையைக் குடைந்து திரௌபதி இரதம் என்று நாம் அழைக்கும் கோயிலைச் செதுக்கியபோது, அதற்குக் கொடுத்தது ஓலைக் குடிலின் கூரையை. நான்கு புறமும் வளைந்திறங்கும் சரிவும், மூலைகளைப் பிடிக்கும் பட்டைகளும் மூங்கிலை வளைத்துக் கட்டிய பந்தலில் பிறந்த வடிவங்கள். கல்லுக்கு அவ்வளைவு எதற்கும் தேவையில்லை. தமிழகத்துக் குடிலொன்றை முழு உருவில் காண விரும்புபவர் இன்று அங்குதான் செல்ல வேண்டும்.

சந்தவாசலை அடுத்த படைவீட்டின் பெயரையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பாசறை என்று பொருள்படும் ஊர் சம்புவராயர்க்குத் தலைநகரானது. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணன் அவர்களை வென்றதைக் கங்காதேவியின் மதுரா விசயம் பாடுகிறது. அவர்கள் அவையிருந்த மாளிகை நிலத்தின் மேல் இன்று இல்லை. அவர் காலக் கோயில்கள் இருக்கின்றன.

வேய்தல் என்பது எளிய வேலை என்று எண்ணுபவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. நடுக்கால் நட்டு, வளை ஏற்றி, கைமரம் சாய்த்து, மூங்கில் வரிச்சு கட்டி, அதன்மேல் இறவாணத்திலிருந்து தொடங்கி முகடு நோக்கி அடுக்க வேண்டும். ஓலையோ புல்லோ நீரைத் தடுப்பதில்லை. ஒவ்வோர் இதழும் துளியை வாங்கித் தனக்குக் கீழுள்ள இதழிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. ஆகவே சரிவு குறைந்தால் நீர் தயங்கும், தயங்கினால் ஊறும், ஊறினால் மட்கும். தென்னங்கீற்று இரண்டு மூன்று மழைக்குத் தாங்கும். பனையோலை அதனினும் கூடுதல். மலைப்புல்லைத் தடிமனாக வேய்ந்தால் இன்னும் நீடிக்கும். உள்ளே அடுப்பெரியும் குடிலின் கூரைக்கு ஆயுள் அதிகம். புகை பூச்சியை அண்டவிடாது. அதனால்தான் விதைச்சோளக் கதிரையும் சுரைக்குடுக்கையையும் அடுப்புக்கு மேலே கட்டினார்கள். கொல்லைக் கொட்டகையில் அடுப்பில்லை. அங்கே கறையானும் செல்லும் எலியும் தடையின்றி வேலை செய்யும். வீட்டுக்கு நல்லதாக இருந்த பொருள் கொட்டகைக்குக் குறைவுபடுவது இவ்விடத்தில்தான். இக்குறையை மலைமக்கள் தானியத்துக்கென மூங்கிலால் பின்னி மண்பூசிய தொம்பையைத் தனியே வைத்துச் சரிசெய்தார்கள்.

நிலம் தந்ததை வேய்வது என்ற வழக்கம் முறிந்தது எப்போது? பொருள் மலிந்ததால் முறிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். நாம் அதற்கு முந்திய ஆண்டொன்றைச் சுட்டுவோம்: 1882. அவ்வாண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் மலைக்காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்க வழி செய்தது. நேற்றுவரை மலையேறி வெட்டிவந்த மூங்கிலும் கைமரமும் அறுத்துவந்த புல்லும் அரசின் உடைமை ஆயின; அனுமதிச் சீட்டின்றி எடுத்தால் குற்றம். அடிவாரத்துக் கொட்டகையின் எலும்புக்கூடு மலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின் உழவன் வேலிக்கால் வேம்பையும் பூவரசையும் வாய்க்காலோரத் தென்னையையும் நாடினான். மூங்கில் உள்ளிட்ட சிறுவனப் பொருள்கள் மீது காட்டுவாழ் மக்களுக்கு உடைமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள். அதற்குள் மூங்கில் கட்டத் தெரிந்த கைகள் அருகிவிட்டன.

சட்டம் ஒருபுறம், சாதி மறுபுறம். மலையாள நாட்டில் இன்னின்ன சாதியார் ஓடு வேயலாகாது என்ற தடை இருந்தமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. நம் ஊர்களில் சேரிக்கும் ஊருக்குமான எல்லையைக் கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். கூரைப்பொருளின் வரலாற்றை எழுதுபவர் இதை விட்டுவிட்டு மேலே செல்லக் கூடாது. ஓலையின் கீழ் வாழ்வது பலருக்கு விருப்பத் தேர்வாக இருந்ததில்லை.

ஓடுகளில் இரண்டு வகை. நாட்டு ஓடு குயவரின் சக்கரத்தில் பிறந்தது. நீள்குழலாக வனைந்து, ஈரம் காயுமுன் நெடுக்கில் கீறி, சூளையில் சுட்டு, கவிழ்த்தும் மல்லாத்தியும் மாற்றி மாற்றி அடுக்குவது. மங்களூர் ஓடு ஆலையில் பிறந்தது. பாசல் மிசனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்சுட்டு 1865-இல் மங்களூரில் நேத்திராவதியின் களிமண்ணைக் கொண்டு ஓட்டாலையைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டை ஓடு அது. குறைந்த மரச்சட்டமே போதும், குரங்கும் பூனையும் எளிதில் கலைக்க முடியாது. இருப்புப்பாதை நிலையங்கள், பள்ளிகள், அலுவலகங்கள் என எங்கும் அது ஏறியது. குயவர் வீடுகளில் நாட்டு ஓட்டுக்கு இருந்த தேவை குறைந்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இலும் கையால் செய்த ஓடு, எந்திரத்தால் செய்த ஓடு என்று இரண்டையும் தனித்தனியே எண்ணியது. அந்த நுட்பத்தைப் பாராட்டலாம். அதே படிவம் தகரத்தையும் கல்நார்த் தகட்டையும் ஒரே கட்டத்தில் போட்டதை என்னென்பது?

தகரம் என்ற சொல்லுக்குச் சங்கப் பாட்டில் மணம் உண்டு. மகளிர் கூந்தலுக்குப் பூசும் நறுஞ்சாந்து அது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் மழையின் ஓசைதான் நினைவுக்கு வருகிறது. இரும்புத் தகட்டை அலையலையாக மடித்தால் அது தன் எடையைத் தானே தாங்கும் விறைப்பைப் பெறும் என்பதைக் கண்டு 1829-இல் இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ராபின்சன் பால்மர் என்னும் துறைமுகப் பொறியாளர். அவருடைய கண்டுபிடிப்பு முதலில் ஏறியதும் ஒரு கொட்டகையின் மேல்தான்: இலண்டன் துறைமுகத்தின் கர்ப்பூரத்தைலக் கிடங்கு. 1837-இல் பிரான்சில் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெறப்பட்டதும் துருவின் தொல்லையும் தள்ளிப்போனது. தீப்பிடிக்காது, எலி அரிக்காது, இருவர் ஒரு பகலில் வேய்ந்துவிடலாம். சித்திரை வெயிலில் அதன் கீழே விதையை வைத்தால் முளைப்புத்திறன் என்னவாகும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

ஆனால் சந்தவாசல் பக்கத்துக் கொட்டகையை உண்மையில் மாற்றியது தகரமும் அன்று, ஓடும் அன்று; கிணற்றுக்கு வந்த மோட்டார். கவலையில் நீர் இறைத்த காலத்தில் கொட்டகைக்குள் இருந்தவை தோற்சால், வடக்கயிறு, மாட்டுத்தீவனம். எவற்றுக்கும் பூட்டு தேவைப்படவில்லை. கூரை ஒழுகினாலும் பெருங்கேடில்லை. முதலில் ஆயில் என்ஜின் வந்தது. 1950-களிலும் 60-களிலும் மின்கம்பங்கள் வயலுக்குள் நடந்துவந்தன. மோட்டாரும் ஸ்டார்ட்டரும் பியூஸ் பலகையும் நனையக்கூடாதவை, களவு போகக்கூடியவை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறி பறக்கவிடுபவை. பொறிக்கும் ஓலைக்கும் பகை. எனவே செங்கல் சுவர், இரும்புக் கதவு, மேலே கான்கிரீட் தளம் என்று வட ஆர்க்காட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக ஏழை எளிய உழவன் கொல்லையில் மாடிக்குரிய கூரை தோன்றியது. வீடு கூரைவீடு, மோட்டார் ரூம் மட்டும் மெத்தை! எத்தனையோ குடும்பங்களில் முதல் சிமெண்ட் தளம் மனிதருக்கன்றி எந்திரத்துக்கே போடப்பட்டது. 1984-இல் சிறு உழவர்க்கும் 1990 வாக்கில் அனைவர்க்கும் மின்சாரம் கட்டணமின்றி ஆனபின் அவ்வறைகள் பெருகின. அதே மோட்டார் நீரால் கரும்பும் வாழையும் பரவியதால் அறையை ஒட்டியிறக்கிய மாட்டுக்கொட்டகைக்குக் கரும்புச் சோகை கிடைத்தது. ஆக, மோட்டார் ஒரே சமயத்தில் ஓலையை விரட்டியும் சோகையைக் கொண்டுவந்தும் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் விதி கடைசி முறையாகச் செயல்பட்டது இங்கேதான் எனலாம்.

பின்னர் வந்தது நெருப்பின் பத்தாண்டு. 1997 சூன் 7, தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தல்: நாற்பதுக்கும் மேற்பட்டோர். 2001 ஆகத்து 6, ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருந்த கீற்றுக்கொட்டகை: 28 பேர். 2004 சனவரி 23, திருவரங்கத்துத் திருமண மண்டப மாடியின் கீற்றுப்பந்தல்: ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு சூலை 16, கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவ, 94 குழந்தைகள். பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு அரசு ஆணையிட்டது. வேறெதுவும் செய்திருக்கவும் இயலாது. ஆயினும் பூட்டிய கதவும், ஒற்றைப் படிக்கட்டும், சங்கிலியும், கூரையடியில் எரிந்த அடுப்பும் அப்பட்டியலில் உண்டு என்பதை மறந்து, கொன்றது கீற்று என்ற ஒற்றைச் சொல்லில் ஊர் அடங்கிவிட்டது. கீற்று இறங்கிய இடங்களில் பெரும்பாலும் ஏறியது எது? மலிவாகக் கிடைத்த சிமெண்ட் ஷீட்.

அதன் உள்ளீடு கல்நார். ஆசுதிரியாவின் லுத்விக் ஹாட்செக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமெண்டோடு கல்நார் இழையைக் கலந்து தகடாக்கி, நிலைபேறு என்ற பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து எட்டெர்னிட் என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமே, நுரையீரலுக்குள் சென்ற இழைக்கும் அழிவில்லை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் முடிவு. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆத்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் விலக்கின. இந்தியாவில் இழை இறக்குமதியாகித் தகடாவது தொடர்கிறது. முழுத்தகடு தன்பாட்டில் கிடக்கையில் கேடு குறைவு. அறுக்கையில், துளையிடுகையில், உடைகையில்தான் தூசு கிளம்புகிறது. நம் கொட்டகைகளிலோ தேங்காய் விழுந்தும் குரங்கு தாவியும் உடைவது அன்றாடம். உடைந்த துண்டுகளை வரப்போரப் பள்ளத்தில் கொட்டி மிதிப்பதையும் காண்கிறோம். தீக்குப் பயந்து தேர்ந்த பொருள் இது என்பதுதான் வேதனை. கீற்றின் தீங்கு ஒரு பிற்பகலில் தெரிந்துவிட்டது. இதன் தீங்கை எந்த நாளேட்டுத் தலைப்பும் சொல்லப்போவதில்லை.

தமிழக அரசு 2010-இல் 21 இலட்சம் குடிசைகளைக் காரைவீடுகளாக்கத் திட்டமிட்டது. 2024-இல் குடிசையில்லாத் தமிழகம் என்று 2030-க்குள் எட்டு இலட்சம் வீடுகளை அறிவித்தது. வேண்டியதுதான். குளிர்ச்சி என்றும் மரபு என்றும் சொல்லி ஒருவரையும் ஓலைக்கடியில் வாழச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கொல்லைக் கொட்டகை இத்திட்டம் எதிலும் சேராதது. அதை அளக்க அலுவலர் வருவதில்லை, அதன் கூரையைப் பார்த்துச் சம்பந்தம் பேச யாரும் வருவதில்லை. காட்டுச்சட்டமும் சாதியும் நெருப்பும் வீட்டுக்கூரையை முடிவு செய்தபோதும் இங்கே உழவனின் சொந்தக் கணக்குக்குக் கொஞ்சம் இடம் எஞ்சியிருந்தது. ஆகவே நாமும் நம் கணக்கைச் சொல்லலாம்.

மோட்டாருக்குத் தளமே சரி. கருவிக்கும் விதைக்கும் மண் அல்லது செங்கல் சுவரின் மேல் ஓடு. பழைய வீடு பிரிக்கும் இடங்களில் மங்களூர் ஓடு இன்றும் கிடைக்கிறது, வெயிலின் சூட்டையும் மழைக்குப் பின்னான புழுக்கத்தையும் அதைப்போல் தாங்குவது வேறில்லை. மாட்டுக்கு, அருகே அடுப்பும் மின்கம்பியும் இல்லையென்றால், சோகையோ ஓலையோ நன்று. வேய ஆள் கிடைக்க வேண்டும், கிடைப்பது அரிதாகி வருகிறது. நிறம் பூசிய இரும்புத்தகடு போடுவோர் அதன் கீழே பழைய கீற்றை ஒரு வரிசை கட்டுவதைப் பார்க்கிறோம்; சூடு தணிகிறது, தீயச்சம் திரும்பிவிடுகிறது. கல்நார்த் தகட்டைப் புதிதாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை இறக்கினால் நீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குக.

தாங்கும் காலுக்கு மட்டும் இந்தப் பக்கத்தில் இரண்டாவது பேச்சில்லை. பாறையை உளியடித்துப் பிளந்த கல்லுக்கால்தான். கறையான் தொடாது, ஈரத்தில் இற்றுப்போகாது. சந்தவாசலிலிருந்து படைவீட்டுக்குச் செல்லும் வழியில் புல்லும் சோகையும் சிமெண்ட் ஷீட்டும் தாங்கியிருந்து இப்போது நீலத்தகடு தாங்கும் கல்லுக்கால்களைக் காணலாம். மூங்கில் வளையைக் கட்டுவதற்காக உச்சியில் குடைந்த பள்ளத்தில் இன்று இரும்புக் குழாய் உட்கார்ந்திருக்கிறது.